பென்ஷன் புத்தகத்தை அவர் இருக்கும்போதே பிரித்துப் பார்த்திருக்கலாம்

மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் வீட்டில் பணக் கஷ்டம் வராது என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. எனக்கும் இருந்தது. மாதக் கடைசியில் பென்ஷன் வந்துவிடும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அகவிலை நிவாரணம் ஏறும், உடம்புக்கு ஏதாவது என்றால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். இதுதான் கணக்கு. முதல் இரண்டும் சரி. மூன்றாவது, சரியான இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் சரி. என் கணவர் 2017 மே மாதம் ஓய்வு பெற்றார், 2023 நவம்பரில் தவறிப்போனார். கடைசி ஐந்து மாதத்தில் மட்டும் 5,67,900 ரூபாய் திரும்பி வராமலே போயிற்று. அதில் பெரும்பகுதி போகாமல் தடுத்திருக்கக்கூடியது. எங்கே எப்படிப் போயிற்று என்பதை வரிசையாக எழுதுகிறேன். மாநில அரசு பென்ஷன்காரர்களுக்குக் காப்பீட்டுத் திட்டம் வேறு, விதிகளும் வேறு; இது மத்திய அரசு பென்ஷன், அதிலும் சென்னை மாதிரி சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர்களுக்கும் பென்ஷன்காரர்களுக்குமான மருத்துவத் திட்டம்) உள்ள நகரத்தை விட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டவர்களுக்கு.

ஓய்வு பெறும்போது நிரப்பும் காகிதக் கட்டில் மருத்துவ வசதிக்கு ஒரு படிவம் இருக்கும். சி.ஜி.எச்.எஸ். இல்லாத ஊரில் குடியிருக்கப் போகிறவருக்கு மூன்று வழி. மாதாந்திர மருத்துவப் படியை மட்டும் வாங்கிக்கொள்வது ஒன்று, எஃப்.எம்.ஏ. என்பார்கள், அப்போது 500 ரூபாய், 2017 ஜூலை முதல் 1,000. படியே வேண்டாம் என்று விட்டுவிட்டு, வெளிநோயாளி சிகிச்சைக்கும் உள்நோயாளி சிகிச்சைக்கும் சேர்த்து சி.ஜி.எச்.எஸ். அட்டை வாங்குவது இரண்டாவது. மூன்றாவதைத்தான் யாரும் விளக்கிச் சொல்வதில்லை: படியையும் வாங்கிக்கொள்ளலாம், சந்தா கட்டி உள்நோயாளி சிகிச்சைக்கு மட்டும் சி.ஜி.எச்.எஸ். அட்டையும் வைத்துக்கொள்ளலாம். அவர் முதல் வழியில் டிக் போட்டார். ஊரில் டிஸ்பென்சரி கிடையாது, அட்டையை வைத்து என்ன செய்வது என்ற நியாயம். இன்னொரு தப்பு நினைப்பும் கூடவே இருந்தது. வேலையில் இருந்த காலத்தில் வெளியூரில் போஸ்டிங் ஆகியிருந்தபோது ஆஸ்பத்திரி பில்லை ஆபீஸில் கொடுத்துப் பணம் வாங்கியிருக்கிறார். அது 1944-ஆம் வருஷத்து மருத்துவ உதவி விதிகளின்படி வந்த பணம். அந்த விதிகள் வேலையில் இருப்பவருக்குத்தான். ஓய்வு பெற்ற மறுநாள் முதல் அந்தக் கதவு மூடிவிடும். எஃப்.எம்.ஏ. மட்டும் வாங்குகிறவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் துறை ஒரு பைசா தராது. இது எனக்குத் தெரிந்தது டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு வாரம் கழித்து.

சந்தா எவ்வளவு என்று பார்த்தால் இன்னும் வயிறு எரியும். 2017 பிப்ரவரி முதல் இருக்கும் கணக்கு இது: சம்பள நிலை 1 முதல் 5 வரை மாதம் 250, நிலை 6-க்கு 450, நிலை 7 முதல் 11 வரை 650, 12-உம் அதற்கு மேலும் 1,000. பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் கட்டலாம். அல்லது பத்து வருஷத்துச் சந்தாவை, அதாவது 120 மாதத்துக்கானதை, ஒரே தடவையில் கட்டிவிட்டால் ஆயுளுக்கும் அட்டை செல்லும், கணவருக்குப் பின் மனைவிக்கும் செல்லும். அவர் நிலை 7. மொத்தமாகக் கட்டினால் 78,000. மாதக் கணக்கில் பார்த்தால் 650. எஃப்.எம்.ஏ.வாக வருவதோ 1,000. வருகிற படியிலிருந்தே சந்தாவைக் கட்டி, மிச்சம் 350 ரூபாய்க்கு மாத்திரையும் வாங்கியிருக்கலாம். இந்தக் கூட்டல் கழித்தலை ஆறு வருஷம் யாருமே போடவில்லை, நானும்தான்.

2023 ஜூன் கடைசியில் நெஞ்சு வலி. பக்கத்து நகரத்தில் தனியார் ஆஸ்பத்திரி, ஆஞ்சியோ, இரண்டு ஸ்டென்ட், எட்டு நாள். பில் 4,18,000. கொண்டுபோய்ச் சேர்த்ததும் ஒரு லட்சம் கட்டச் சொன்னார்கள். கையில் இருந்த சேமிப்பு, கம்யூட்டேஷன் பணம் (பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தமாக வாங்கியது) போட்டிருந்த தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்புக் கணக்கு. ஐந்து வருஷம் முடிந்து 2022 ஜூனில் புதிதாகத் தொடங்கியது, 9 லட்சம், 7.4 சதவீத வட்டி. இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தக் கணக்கில் பாதிப் பணம் எடுக்க முடியாது. எடுத்தால் முழுக் கணக்கையும் மூட வேண்டும். ஒரு வருஷம் முடிந்து இரண்டு வருஷத்துக்குள் மூடினால் அசலில் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள், இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்றால் ஒரு சதவீதம், ஒரு வருஷத்துக்குள்ளேயே என்றால் கொடுத்த வட்டியையே திருப்பி எடுத்துக்கொள்வார்கள். எனக்குத் தேவைப்பட்டது நாலே கால் லட்சம். பிடித்தம் போனது 9 லட்சத்துக்கும், 13,500 ரூபாய். அதே பணத்தை மூன்று கணக்காகப் பிரித்துப் போட்டிருந்தால் இரண்டை மட்டும் மூடியிருக்கலாம். ஒருவர் பெயரில் இத்தனை கணக்குதான் என்று கட்டுப்பாடு இல்லை, மொத்தத் தொகைக்குத்தான் உச்சவரம்பு. 2023 ஏப்ரல் முதல் அது 30 லட்சம்.

இரண்டாவது விஷயம், கணக்கில் என் பெயரும் இருந்தது, ஆனால் முதல் பெயர் அவருடையது. மூடுவதற்கு அவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஐ.சி.யு.வில் படுத்திருக்கும் மனிதர் போட்ட கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துவரவில்லை. மூன்று நாள் அலைச்சல், அந்த மூன்று நாளுக்கு நகை அடகு. அன்று அஞ்சலக வாசலில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது அழுகை இல்லை, கோபம். ஆகவே, இருவர் வருமானமும் ஒருவர் பெயரில் குவிந்திருக்கும் வீடுகளில், மற்றவர் பெயரில் தனியாக, அவசரத்துக்குக் கை வைக்கிற மாதிரி, குறைந்தது ஒரு லட்சமாவது சாதாரண சேமிப்புக் கணக்கிலோ ஒரு வருஷ டெபாசிட்டிலோ கிடக்கட்டும். வட்டி குறைவுதான். ஆஸ்பத்திரி கவுன்டரில் வட்டி விகிதம் யாரும் கேட்பதில்லை.

டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் அட்டைக்கு ஓடினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்வீர்கள். ஆனால் இந்தச் சூரிய நமஸ்காரம் பயன்பட்டது. சி.ஜி.எச்.எஸ்.ஸுக்கும் தனியார் காப்பீட்டுக்கும் பெரிய வித்தியாசம், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் என்று எதுவும் சி.ஜி.எச்.எஸ்.ஸில் கிடையாது. ஸ்டென்ட் வைத்த 66 வயதுக்காரருக்குத் தனியார் பாலிசி கேட்டுப் பாருங்கள், பிரீமியமும் நிபந்தனையும் எப்படி வரும் என்று தெரியும். அட்டைக்குத் தேவைப்பட்டவை: பென்ஷன் பேமென்ட் ஆர்டரின் (பென்ஷன் புத்தகம் என்பது இதுதான்) நகல், கடைசிச் சம்பளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், வேலையில் இருந்தபோது வைத்திருந்த பழைய அட்டையை ஒப்படைத்ததற்கான சரண்டர் சான்றிதழ், எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்ற விருப்பக் கடிதம். பழைய சரண்டர் சான்றிதழ்தான் தலைவலி. ஓய்வு பெற்ற வாரத்தில் அட்டையைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அந்தக் காகிதத்தை யார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்? பழைய அலுவலகத்துக்கு எழுதி வாங்க ஐந்து வாரம். ஏற்கெனவே கொடுத்த விருப்பத்தை ஒரே ஒரு தடவைதான் மாற்றலாம் என்பதால், மாற்றும்போது படியையும் விட்டுவிடாமல் 'எஃப்.எம்.ஏ. வெளிநோயாளிக்கு, சி.ஜி.எச்.எஸ். உள்நோயாளிக்கு' என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். அவசரத்தில் படியை ஒப்படைத்துவிட்டு, டிஸ்பென்சரி இல்லாத ஊரில் மாத்திரைக்குச் சொந்தப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

78,000-ஐ மொத்தமாகக் கட்டுவதா, வருஷத்துக்கு 7,800 வீதமா என்று கேட்பீர்கள். எப்படிக் கட்டினாலும் பத்து வருஷத்தோடு முடிந்துவிடும். நடுவில் சந்தா விகிதம் ஏறினால் வருஷா வருஷம் கட்டுகிறவருக்கு அதிகமாகும், அவ்வளவுதான். கையில் பணம் இல்லையென்றால் வருஷக் கணக்கே போதும். மொத்தமாகக் கட்ட முடியவில்லை என்பதற்காக அட்டையே வாங்காமல் இருப்பதுதான் மடத்தனம். நான் மொத்தமாகவே கட்டினேன், இன்னொரு தடவை எதையும் மறக்கும் நிலையில் நான் இல்லை. சேமிப்புக் கணக்கை மூடியதில் மீந்த பணத்தில் 3,50,000-ஐத் திரும்பவும் இரண்டு கணக்காகப் போட்டேன். வட்டி அதற்குள் 8.2 ஆகியிருந்தது, அது ஒன்றுதான் நல்லது. முன்பு மூன்று மாதத்துக்கு 16,650 வந்துகொண்டிருந்தது. இப்போது 7,175.

அட்டை செப்டம்பரில் கைக்கு வந்தது. அக்டோபரில் மூச்சுத் திணறல், திரும்பவும் ஆஸ்பத்திரி. இந்தத் தடவை தப்பு என்னுடையது. சி.ஜி.எச்.எஸ். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி எது, பட்டியலில் இல்லாதது எது என்று நான் பார்த்து வைத்திருக்கவில்லை. பழைய ஃபைல் இருக்கும் இடம் என்று முதல் ஆஸ்பத்திரிக்கே போனேன். அது பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி என்றால் பென்ஷன்காரர்களுக்குக் கடன் வசதி உண்டு, அவசரத்தில் முன்பணம் கேட்கக் கூடாது, பில் நேராக சி.ஜி.எச்.எஸ்.ஸுக்குப் போகும். பட்டியலில் இல்லாத இடத்தில் அவசர சிகிச்சைக்குப் பணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் சி.ஜி.எச்.எஸ். விகிதப்படி மட்டும். ஆஸ்பத்திரி போட்ட பில் எவ்வளவு என்பது அங்கே ஒரு தகவல், அவ்வளவே. ஒன்பது நாளுக்கு நான் கட்டியது 2,74,600. வந்தது 1,38,200. மிச்சம் 1,36,400 போனது போனதுதான். ஆகவே அட்டை வாங்கிய அன்றே, உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகள் எவை, அவற்றில் இருதயம், மூளை, எலும்பு எதெதற்கு அனுமதி இருக்கிறது என்று எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். கண்ணுக்கு மட்டும் அனுமதி உள்ள ஆஸ்பத்திரியும் அந்தப் பட்டியலில் இருக்கும், பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் போய் நிற்கக் கூடாது. பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சரிபாருங்கள்.

விகிதப்படி என்றால் ஏன் இவ்வளவு குறைகிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பெரும்பாலான அறுவை சிகிச்சைகளும் ஆஞ்சியோ மாதிரியானவையும் பேக்கேஜ் கணக்கு. அந்தத் தொகைக்குள்ளேயே அறை வாடகை, டாக்டர் கட்டணம், மயக்க மருந்து, சாதாரண மருந்து, பரிசோதனை எல்லாம் அடக்கம். உயர்சிறப்பு சிகிச்சைக்கு 12 நாள் வரை, மற்றப் பெரிய அறுவைக்கு 7 நாள் வரை அதே தொகைதான். ஆஸ்பத்திரி அவற்றைத் தனித்தனி வரியாகப் போட்டு வசூலித்திருந்தாலும் அங்கே ஒரே வரிதான் பார்ப்பார்கள். குளியல் சாமான், தொலைபேசி, கூட இருப்பவரின் சாப்பாடு எல்லாம் அடிக்கப்படும். அட்டையில் எழுதியிருக்கும் வார்டுக்கு மேல் அறை எடுத்தால் வித்தியாசம் நம் தலையில். தனியார் ஆஸ்பத்திரிகளில் பெரிய அறை எடுத்தால் அறை வாடகை மட்டும் ஏறாது, டாக்டர் விசிட் முதல் பரிசோதனை வரை எல்லாமே அந்த அறைக்குரிய விலையில் வரும். 'சிங்கிள் ரூம்தான் காலியாக இருக்கிறது' என்று சொன்னால், தகுதியான வார்டு காலியானதும் மாற்றச் சொல்லி அப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கிளெய்முக்குக் காகிதம் சேர்ப்பதைச் சேர்த்த அன்றே தொடங்க வேண்டும், டிஸ்சார்ஜ் அன்று கிடையாது. இனவாரியாகப் பிரித்த அசல் பில், ஒவ்வொரு தொகைக்கும் ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை முடிவுகளின் நகல், மருந்துச் சீட்டோடு மருந்து பில், அட்டை நகல், ரத்து செய்த காசோலை. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் அவசர நிலையில் சேர்க்கப்பட்டார் என்று டாக்டர் கையெழுத்திட்ட சான்று கட்டாயம் வேண்டும். இது இல்லாவிட்டால் மற்றது எல்லாம் இருந்தும் பிரயோசனமில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மூச்சுத் திணறலுடன் வந்தார்' என்று மட்டும் இருந்தது. 'அவசர நிலை' என்ற வார்த்தைக்காக நான் இரண்டு தடவை பஸ் ஏறினேன். ஸ்டென்ட், பேஸ்மேக்கர், செயற்கை மூட்டு மாதிரி உடம்புக்குள் வைப்பது எதுவானாலும் அதன் பெட்டியில் உள்ள ஸ்டிக்கரையும் தனி இன்வாய்ஸையும் கேட்டு வாங்குங்கள். அறுவை அரங்கத்தில் குப்பையில் போய்விட்டால் பிறகு கிடைக்காது. வெப்ப அச்சு ரசீதுகள் ஆறு மாதத்தில் வெளுத்துப்போகும், அன்றன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கிளெய்ம் கொடுக்க வேண்டும். தனியாகக் காப்பீடும் வைத்திருப்பவர்கள் முதலில் அங்கே அசல் பில்லைக் கொடுத்து, அவர்கள் எவ்வளவு தந்தார்கள் என்ற சான்றோடு மிச்சத்துக்கு சி.ஜி.எச்.எஸ்.ஸில் கேட்கலாம், இரண்டும் சேர்ந்து செலவை மிஞ்சக் கூடாது.

நான் கிளெய்ம் கொடுப்பதற்குள் நவம்பரில் அவர் போய்விட்டார். அட்டைதாரர் இறந்துவிட்டால் காகிதம் கூடும்: இறப்புச் சான்று, பணம் கோருபவர் முத்திரைத்தாளில் தரும் உறுதிமொழிப் பத்திரம், மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதித் தருவது. என் மகன் வெளிநாட்டில். அவன் கையெழுத்துக்கு மட்டும் ஆறு வாரம். ஜனவரியில் கொடுத்தேன், ஜூனில் பணம் வந்தது. அதுவரை இரண்டாவது பில்லுக்கு வைத்த நகைக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

இனி பென்ஷன். இறப்பை வங்கிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இறந்த நாள் வரைக்கும் பென்ஷன் அவருக்கு, மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம் நமக்கு. தெரிவிக்காமல் விட்டால் பழைய பென்ஷனே வரும், ஏ.டி.எம்.மில் எடுத்துச் செலவு செய்துவிட்டால் திருப்பிக் கட்ட வேண்டும். பென்ஷன் கணக்கு கணவன் மனைவி ஜாயின்ட் கணக்காக இருந்து, பென்ஷன் பேமென்ட் ஆர்டரில் மனைவி பெயர் இருந்தால் வேலை சுலபம்: ஒரு கடிதம், இறப்புச் சான்று, ஆர்டர் நகல், நம் பிறந்த தேதிக்குச் சான்று, அதிகமாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்ற உறுதிமொழி. அதே கணக்கிலேயே தொடரும். கணக்கு அவர் ஒருவர் பெயரில் இருந்தால் புதுக் கணக்கு, முழு விண்ணப்பப் படிவம், சாட்சிகள் என்று நீளும். எங்களுடையது ஜாயின்ட்தான், ஆனால் ஆர்டரில் என் பிறந்த தேதி இல்லை, பெயரில் இனிஷியல் ஆதாரில் உள்ளது மாதிரி இல்லை. நம் ஊரில் இனிஷியல் முன்னால் ஒரு தாளில், பின்னால் ஒரு தாளில், விரித்து எழுதி இன்னொரு தாளில் என்று கிடப்பது சகஜம். அவர் இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிந்திருக்க வேண்டிய திருத்தம் அது. பழைய அலுவலகம் வழியாகக் கணக்கு அலுவலகத்துக்குப் போய், மத்திய பென்ஷன் கணக்கு அலுவலகத்திலிருந்து வங்கிக்குத் திரும்ப மூன்று மாதம் ஆயிற்று. பிறந்த தேதி ஏறாவிட்டால் 80 வயதில் 20 சதவீதம், 85-இல் 30 என்று கிடைக்க வேண்டிய கூடுதல் ஓய்வூதியமும் தானாக வராது. இன்னொரு படிவம், பென்ஷன் நிலுவைக்கான நாமினேஷன். 1983 விதிகளின் கீழ் இருப்பது. கொடுத்துவைத்தால் பின்னால் வரும் அரியருக்கு வாரிசுச் சான்று தேடி ஓட வேண்டாம்.

இதற்குப் பிறகுதான், பலரும் ஏமாறும் கணக்கு. அவருடைய கடைசி அடிப்படைச் சம்பளம் 58,600. பென்ஷன் அதில் பாதி, 29,300. அதில் 40 சதவீதம், 11,720-ஐ கம்யூட் செய்தார். 11,720-ஐப் பன்னிரண்டால் பெருக்கி, அரசு அட்டவணையில் அந்த வயதுக்குப் போட்டிருக்கும் 8.194-ஆல் பெருக்கினால் 11,52,000 சொச்சம். அதுதான் மொத்தமாக வந்தது. மாதம் கையில் மிஞ்சிய அடிப்படை 17,580. ஆனால் அகவிலை நிவாரணம் 29,300 முழுவதற்கும் கணக்கிடுவார்கள். 2023 அக்டோபர் நிலவரப்படி 46 சதவீதம், 13,478. படி 1,000 சேர்த்து 32,058.

அவர் போன பிறகு என் கணக்கில் வந்தது 43,778. ஏதோ தப்பு என்றுதான் நினைத்தேன். தப்பில்லை. கம்யூட்டேஷன் பிடித்தம் குடும்ப ஓய்வூதியத்தைத் தொடாது, கூடவே முதலில் சில காலம் உயர்த்தப்பட்ட விகிதம், அதாவது கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம். இந்த உயர்ந்த விகிதம் ஏழு வருஷம் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். முழுச் செய்தி அது இல்லை. ஓய்வுக்குப் பிறகு இறந்தால், ஏழு வருஷம் அல்லது இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் 67 வயது நிறையும் நாள், இரண்டில் எது முந்தியதோ அது. அவருக்கு 2024 மே மாதம் 67 நிறைந்திருக்கும். ஆக எனக்கு ஆறு மாதம்கூட முழுதாக இல்லை. அதன்பின் 30 சதவீதம், 17,580. நிவாரணம் அப்போது 50 சதவீதம், ஆனால் 17,580-க்குத்தான், 8,790. படியோடு 27,370. முந்தின மாதம் 44,950 வந்திருக்கிறது. இறக்கம் சரியாக 17,580 ரூபாய், அதாவது என் புது அடிப்படை எவ்வளவோ அவ்வளவு.

இந்தத் தேதி பென்ஷன் பேமென்ட் ஆர்டரிலேயே அச்சாகியிருக்கும், உயர் விகிதம் எதுவரை, சாதாரண விகிதம் எப்போதிலிருந்து என்று. நான் பார்க்கவில்லை, வங்கியும் பார்க்கவில்லை. ஆகஸ்ட் வரை உயர் விகிதமே வந்தது. செப்டம்பரில் விழித்துக்கொண்டு, 70,000 ரூபாய்க்கு மேல் அதிகமாகக் கொடுத்துவிட்டோம், ஒரே மாதத்தில் பிடிக்கிறோம் என்றார்கள். உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், மறுக்க முடியாது. ஆனால் எப்படிப் பிடிப்பது என்பதைப் பேசலாம். வாய்ப்பேச்சு எடுபடவில்லை, மாதச் செலவு, மருந்துச் செலவு, நகைக் கடன் தவணை எல்லாவற்றையும் எழுதி, கிளைக்கும் பென்ஷன் மையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகு பன்னிரண்டு தவணை ஆக்கினார்கள். அதோடு எந்த மாதத்துக்கு எவ்வளவு அதிகம் வந்தது என்ற பட்டியலையும் கேட்டு வாங்கினேன். மே மாதம் முழுவதையும் அதிகப்படி என்று சேர்த்திருந்தார்கள், முதல் எட்டு நாளுக்கு உயர் விகிதம் எனக்கு உரியது. திருத்தினார்கள். அந்த ஒரு வருஷமும் கைக்கு வந்தது மாதம் 22,000 அளவில்தான். உயர் விகிதம் வரும் காலத்தில் வித்தியாசத்தைத் தனியாக ஒதுக்கிவையுங்கள், அதை வைத்துப் புதுத் தவணை எதுவும் தொடங்காதீர்கள்.

வரியில் ஒரு சின்ன விஷயம். குடும்ப ஓய்வூதியம் சம்பளத் தலைப்பில் வராது, பிற வருமானம். ஆகவே பென்ஷன்காரருக்குக் கிடைக்கும் நிலையான கழிவு நமக்கு இல்லை. வந்ததில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000, எது குறைவோ அது. புதிய வரிமுறையில் 2024-25 நிதியாண்டு முதல் அந்த 15,000 என்பது 25,000. வரி வராத அளவு வருமானம் என்றாலும் அஞ்சலகத்தில், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் 15ஹெச் படிவத்தை ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள், 60 வயது ஆகியிருந்தால்.

நவம்பரில் உயிர்வாழ் சான்று. 80 தாண்டியவர்கள் அக்டோபர் முதலே கொடுக்கலாம். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே செய்துவிடலாம், அதற்கு ஆதார் ஃபேஸ் ஆர்.டி. என்ற இன்னொரு செயலியும் போனில் வேண்டும். கைரேகை தேய்ந்தவர்களுக்கு இது பெரிய உதவி. முடியாதவர்களுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்குச் செய்து தருகிறார். செயலியில் பென்ஷன் வகை என்று ஒரு இடம் வரும். அவருக்காக வருஷா வருஷம் நானே நிரப்பிக் கொடுத்த பழக்கத்தில் 2024 நவம்பரில் 'சர்வீஸ்' என்று அழுத்திவிட்டேன். நிராகரித்துவிட்டார்கள். 'ஃபேமிலி' என்று மாற்றி, மறுமணம் இல்லை என்ற கட்டத்தையும் குறித்துத் திரும்ப அனுப்பினேன். ஏற்றுக்கொண்டதற்கான குறுஞ்செய்தி வரும் வரை செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அனுப்பியது வேறு, வங்கி ஏற்றுக்கொண்டது வேறு.